டில்லிபாபுவின் படங்களுக்குக் கிறிஸ்டினா சொன்னவை

கிறிஸ்டினாவுக்கு முப்பத்து நாலு வயது. ராயபுரத்தில் மாதா கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டில் அம்மா வியாகுலம்மாளோடு இருக்கிறார். காலை ஏழரைக்கெல்லாம் ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். முகத்தைச் சுற்றித் துப்பட்டா, கண்ணுக்குக் கண்ணாடி, முதுகில் பை. கடலை வலது கையில் விட்டுக்கொண்டு லாரிகளுக்கு இடையில் நுழைந்து நுழைந்து திருவொற்றியூர் தாண்டிப் போனால், மணலிப் பக்கம் திரும்பும் ஒரு கிளைச்சாலையில் அவர் வேலை செய்யும் யார்டு இருக்கிறது. கப்பலில் வந்த சரக்கை எங்கெங்கோ இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கன்டெய்னர்கள் அங்கேதான் வந்து சேரும். டிரைவர்கள் அதைக் கன்டெய்னர் என்று சொல்லிக் கேட்டதில்லை. அவர்களுக்கு அது பொட்டி.

வந்த பொட்டி எந்த நிலையில் வந்தது என்று பார்த்து எழுதுவதுதான் கிறிஸ்டினாவின் வேலை. சர்வேயர் என்று பெயர். எங்கே ஒடுக்கு, எங்கே துரு, தரைப்பலகை பெயர்ந்திருக்கிறதா, கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். பொட்டிக்கு எட்டு படம் எடுப்பார். கடைசியாக உள்ளே போய் நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்வார். வெயில் நாளில் உள்ளே நிற்பது அடுப்புக்குள் நிற்பது போலத்தான். கும்மிருட்டில் அண்ணாந்து பார்த்தால், கூரையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்துவிடும். அதையும் படம் எடுத்துக்கொண்டு வெளியே வருவார்.

இந்த வேலைக்கு அவர் திட்டமிட்டு வரவில்லை. அப்பா கஸ்பார் துறைமுகத்தில் இறங்கும் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளர்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பேங்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டார். பி.காம். முடித்துவிட்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா போய்விட்டார். யார்டு ஆபீஸில் டைப் அடிக்கச் சேர்ந்தார் கிறிஸ்டினா. அங்கே சர்வேயராக இருந்த அலெக்ஸாண்டர் என்பவர் ஒரு நாள் துபாய்க்குக் கிளம்பிவிட, அடுத்த ஆள் வரும்வரை மூன்று நாள் பார்த்துக்கொள் என்றார்கள். அந்த மூன்று நாள் பத்து வருஷமாகிவிட்டது. முதல் வருஷம் முழுக்க, "ஆம்பள சர்வேயர் இல்லியா?" என்று டிரைவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று தெரிந்துபோனது. முதுகுக்குப் பின்னால் எக்ஸ்ரே மேடம் என்று பெயர் வைத்தார்கள். கிறிஸ்டினாவுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

போன வருஷம் மே மாதம். மத்தியானம் கம்ப்யூட்டர் நின்றுபோய் யாருக்கும் கேட் சீட்டு போட முடியவில்லை. ஏழெட்டு டிரைவர்கள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வே ஷெட்டின் நிழலில் நின்றார்கள். அதில் டில்லிபாபுவும் ஒருவர். வியாசர்பாடிக்காரர். நாற்பத்தெட்டு வயது, இருபத்திரண்டு வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். அன்று அவராகவே பக்கத்தில் வந்தார்.

"மேடம், நீங்கோ ஒரு நாளிக்கு எத்தினி போட்டோ புடிக்கிறீங்கோ?"

"ஐந்நூறு, அறுநூறு இருக்கும்ணா."

"யப்பா! நா ரெண்டு மூணு தான் புடிப்பேன். இத்த கொஞ்சம் பாத்துட்டு சொல்றீங்களா, எப்டி கீதுன்னு?"

கண்ணாடி கீறல் விட்ட தன் போனை நீட்டினார். கிறிஸ்டினா வாங்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இது சாஞ்சிருக்கு. இதுல வெளிச்சம் பின்னாடி, ஆளு கறுப்பாயிட்டாரு. இதுல உங்க விரல் உழுந்திருக்கு. இது ஆடிப்போச்சு. இதுல நாய் கீது, ஆளுக்குத் தல இல்ல. இது எதுக்கு எடுத்தீங்கன்னே தெரியல."

இருபது படத்துக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. பொட்டிக்குச் சொல்வது போலவே சொன்னார். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "டில்லி, உன் பொட்டி ரிஜெக்ட்டு மாமு! ரிப்பேருக்கு அனுப்பு!" என்று சத்தமாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். டில்லிபாபுவும் சிரித்தார். போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் வந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு மூன்று வாரத்தில் நாலைந்து முறை அவர் யார்டுக்கு வந்தார். காகிதத்தை நீட்டுவார், வாங்குவார், போவார். முன்பு சொல்லிக்கொண்டிருந்த "வரேன் மேடம்" கூட இல்லை. கிறிஸ்டினா அதைக் கவனித்தார். கவனித்ததைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தவர் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கானாங்கெளுத்தி வாங்கி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தார் வியாகுலம்மாள். கிறிஸ்டினா இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மிம்மா. மாங்கா இன்னும் வெந்திருக்கலாம்" என்றார்.

"நீ சாப்புடுறியா, சர்வே எடுக்கிறியா?"

கிறிஸ்டினா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"உங்கப்பா முப்பது வருசம் நா ஆக்கிப் போட்டத துன்னாரு. நல்லாகீதுன்னும் சொன்னதில்ல, நல்லால்லன்னும் சொன்னதில்ல. அதுக்கு நீ சொல்றது தேவல. ஆனா ஒண்ணு கேக்கறேன். இப்ப நீ இன்னா துன்னே? மீனு துன்னியா? உப்பு இல்லாதத தான் துன்னே."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீனைத் தட்டில் வைத்தார். கிறிஸ்டினா அந்தத் துண்டை முள் பார்த்துப் பிட்டார். அந்த நேரத்தில் ஏனோ டில்லிபாபுவின் படம் ஒன்று நினைவுக்கு வந்தது. டிரெய்லருக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவில் ஒரு நாய் சுருண்டு படுத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு மனிதனின் வெறும் கால். அவ்வளவுதான். தலை இல்லை என்று சொல்லித் தள்ளிவிட்ட படம். மூன்று வாரமாகியும் மறக்காமல் இருக்கிறதே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. எடுத்தவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை திருவொற்றியூரைத் தாண்டியதும் லாரி வரிசை நின்றிருந்தது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் வரிசை. சில நாள் நாலு கிலோமீட்டர் நிற்கும், சில நாள் ஏழெட்டு. ஒரு நாளில் உள்ளே போனால் அதிர்ஷ்டம். இரண்டு நாள், மூன்று நாள் கூட ஆகும். பத்து வருஷமாக கிறிஸ்டினா அந்த வரிசையின் பக்கவாட்டில்தான் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகிறார். அன்று வண்டி நம்பரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போனார். டில்லிபாபுவின் டிரெய்லர் தெரிந்ததும் நிறுத்தினார். அவர் முன்படியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். பதறி எழுந்து வாயைக் கொப்பளித்தார்.

"இன்னா மேடம், வண்டி எதுனா பேஜார் பண்ணுதா?"

"இல்லண்ணா. அன்னைக்கு உங்க போட்டோவ ஒழுங்கா பாக்கல. ஓட்டைய மட்டும் பாத்தேன். எல்லார் எதிர்லயும் வேற சொல்லிட்டேன். தப்புண்ணா. திரும்பக் காட்றீங்களா?"

டில்லிபாபு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

"அத்தெல்லாம் அழிச்சிட்டேன் மேடம்."

கிறிஸ்டினா நகராமல் நிற்பதைப் பார்த்து டில்லிபாபுவே, "ரெண்டு மூணு கீது" என்று போனை எடுத்தார். நாய்ப் படம் இருந்தது.

"இத ஏன் எடுத்தீங்க?"

இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை போலும். தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். அந்தக் கால் பின்வண்டி கிளீனருடையது. மத்தியானத்தில் வரிசை முழுக்க நிழல் என்றால் வண்டிக்கு அடியில்தான். கிளீனர் படுப்பான், நாயும் வந்து படுக்கும். வெயில் நகர நகர நிழல் நகரும். "மொதல்ல நாய் நவுரும் மேடம். அப்பால அவன் நவுருவான். கண்ண தொறக்காமலே நவுருவான். சாய்ந்தரம் வரிக்கும் ரெண்டு பேரும் நவுந்துகினே இருப்பாங்கோ. அத்த பாத்துகினே குந்திகினு இருந்தேன்."

கிறிஸ்டினா படத்தை மறுபடி பார்த்தார். அவர் சொன்னதில் எதுவும் அதில் இல்லை. ஆனால் எது இல்லை என்று இப்போது தெரிந்தது.

"நிழல் நகர்றது இதுல வரலண்ணா. நிழல் எங்க முடியுதுன்னு தெரிஞ்சா தான் அவங்க அதுக்குள்ள ஒதுங்கிக்கினு இருக்கிறது புரியும். நீங்க நின்னுகினு எடுத்திருக்கீங்க. தரையில உக்காந்து, வெயில் உழுற கோடு தெரியுற மாதிரி எடுங்க. வேற எதயும் இப்ப மாத்த வேணாம்."

அன்று யார்டுக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனார். பத்து வருஷத்தில் முதல் தாமதம்.

நாலு நாள் கழித்துக் கிறிஸ்டினாவின் போனுக்குப் புதுப் படம் வந்தது. நாயும் ஆளும் வண்டிக்கடியில் ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். கிளீனரின் முழங்கை மட்டும் நிழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நிழலின் ஓரம் கத்தியால் கீறினது போல. கிறிஸ்டினா யார்டில் ஒரு பொட்டிக்குள் நின்றபடி அதைப் பார்த்தார். "முழங்கை சூப்பர்ணா" என்று குரல் செய்தி அனுப்பினார்.

அப்படித்தான் பழக்கம் ஏற்பட்டது. டில்லிபாபு வாரத்துக்கு இரண்டு மூன்று படம் அனுப்புவார். கிறிஸ்டினா முதலில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார். அப்புறம், அதில் எது தனக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வார். மாற்ற வேண்டியது ஐந்து இருந்தாலும் ஒன்றைத்தான் சொல்வார். மற்ற நாலையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது ஆரம்பத்தில் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஒரு முறை டில்லிபாபு, வரிசையில் சமைக்கும் அடுப்பின்மேல் இருக்கும் சட்டியை மட்டும் பக்கத்தில் போய் எடுத்து அனுப்பியிருந்தார். கருவாடு வறுபடுகிறது.

"இன்னா பாத்தீங்க?"

"பாக்கல மேடம். வாசன! முன்ன பின்ன பத்து வண்டிக்கு எல்லாம் எட்டிப் பாக்கிறானுங்க."

கிறிஸ்டினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாசனைய போட்டோல காட்ட முடியாதுண்ணா. எட்டிப் பாத்தவங்கள எடுங்க."

அடுத்த தடவை கருவாடு வறுபட்டபோது எடுத்த படத்தில், வரிசையாக ஆறு கேபின்களிலிருந்து ஆறு தலைகள் வெளியே நீண்டிருந்தன. சட்டி ஒரு மூலையில் சின்னதாகத் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் டில்லிபாபு தலையாட்டினார் என்று இல்லை. நம்பர் பிளேட் கண்ணை இழுக்கிறது, அதை விட்டுவிட்டு எடுக்கலாமே என்று கிறிஸ்டினா இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "அது மட்டும் வேணாம் மேடம். நம்பரு இல்லாத வண்டி யாரு வண்டி?" என்றார் டில்லிபாபு. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார் கிறிஸ்டினா.

ஏன் படம் எடுக்க ஆரம்பித்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டார்.

"வூட்ல சம்சாரம் ராஜாத்திக்காக. ரெண்டு நாளா இன்னா பண்ணேன்னு கேக்கும். சும்மா நின்னுகினு இருந்தேம்மான்னு சொன்னா நம்பாது. ரெண்டு நாள் யாருனா சும்மா நிப்பாங்களான்னு கேக்கும். செரி, எப்டி நிக்கிறேன் பாருன்னு காட்டலாம்னு புடிச்சேன்."

இந்தப் பதிலுக்குப் பிறகு கிறிஸ்டினா காலையில் அந்த வரிசையைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டார். இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் கட்டிய கயிற்றில் காயும் லுங்கிகள் தெரிந்தன. பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்பவர் தெரிந்தார். பத்து வருஷமாக இவர்கள் இங்கேதானே இருந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

செப்டம்பரில் அந்தப் படம் வந்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். டிரெய்லரின் படியில் ஒரு தண்ணீர் கேன். கீழே தார்ச்சாலையில் ஒரு மனிதர் ஜட்டியோடு குந்தி உட்கார்ந்து, கேனைச் சாய்த்துத் தலையில் ஊற்றிக்கொள்கிறார். தண்ணீர் முகத்தின்மேல் கண்ணாடித் தகடு போல இறங்குகிறது. கண் மூடியிருக்கிறது. பின்னால், புகைமூட்டத்துக்குள் கண்ணுக்கெட்டின தூரம் வரை லாரிகள். குளிப்பவர் வல்லரசு. புளியந்தோப்புக்காரர், டில்லிபாபுவுக்குப் பதினைந்து வருஷ தோஸ்து.

கிறிஸ்டினா ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவே தோன்றவில்லை.

"இதுதாண்ணா படம். இதுல நான் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

போனின் மறுமுனையில் டில்லிபாபு, "மெய்யாலுமேவா மேடம்?" என்றார்.

ஆயுத பூஜைக்கு யார்டில் எல்லா வண்டிக்கும் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுப்பார்கள். டிரைவர்கள் எல்லாம் அன்று ஒரு மணி நேரமாவது வந்து போவார்கள். அன்றைக்கு இந்தப் படங்களை மாட்டினால் என்ன என்று கிறிஸ்டினாவுக்குத் தோன்றியது. மேனேஜர், "அலங்காரம் மாதிரி இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார். பதினாலு படங்களைத் தேர்ந்தெடுத்து, வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தார் கிறிஸ்டினா. ரிப்பேருக்கு ஒதுக்கியிருந்த நாற்பதடிச் சிவப்புப் பொட்டி ஒன்று ஷெட் பக்கத்தில் நின்றது. பழைய ஸ்பீக்கர்களிலிருந்து கழற்றிய காந்தங்களை வைத்துப் படங்களை அதன்மேல் ஒட்டினார்கள். இரும்பில் காந்தம் டக் டக்கென்று பிடித்துக்கொண்டது. நடுவில் குளிக்கும் படம்.

டில்லிபாபு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். படங்கள் பக்கம் போகாமல் தள்ளியே நின்றார்.

கூட்டம் சேர்ந்தது. கிறிஸ்டினா காது கொடுத்துக் கேட்டார். வெளிச்சத்தைப் பற்றியோ கோணத்தைப் பற்றியோ யாரும் பேசவில்லை. "தோ பார்றா, என் வண்டி!" "டேய், என் மூஞ்சி இன்னாடா இவ்ளோ கறுப்பா கீது?" "கருவாட்டுக்கு எட்டிப் பாக்கிறான் பாரு, அன்னிக்கி ஒரு துண்டு குட்த்தியாடா?" நம்பர் பிளேட்டைப் படித்துப் படித்து வண்டிக்காரர்களின் பெயரைச் சொன்னார்கள். டில்லிபாபு நம்பரை விடமாட்டேன் என்று அடம் பிடித்தது ஏன் என்று கிறிஸ்டினாவுக்கு அப்போது புரிந்தது. பலர் போனை எடுத்துப் படங்களைப் படம் எடுத்தார்கள்.

வல்லரசு பூஜை முடியும் நேரத்தில் வந்தார். கையில் பொரிப் பொட்டலம். "இன்னா கூட்டம்?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் வந்தவர், நடுப்படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர், "ஹீரோ மாதிரி கீறடா!" என்று தோளில் தட்டினார். வல்லரசு அந்தக் கையை எடுத்துவிட்டார்.

"டில்லி. இத்த யார கேட்டு மாட்டுனே?"

"மாமு, ஷோக்கா கீதுன்னு..."

"என் பொண்ணு மகிழினிய கட்டிக்குட்த்த வூட்ல நா இன்னா சொல்லி வெச்சிகீறேன் தெரியுமா? எங்கப்பாவுக்குக் கம்பெனில ரூம் கீது, ஃபேன் கீது, பாத்ரூம் கீதுன்னு அது சொல்லிகினு கீது. நான் தான் அப்டி சொல்லி வெச்சேன். அது போனுக்கு இது போனா?" குரல் உயரவில்லை. "நடு ரோட்ல ஜட்டியோட குந்திகினு கீறேன்."

டில்லிபாபுவின் முகம் செத்துவிட்டது. கிறிஸ்டினா முன்னால் வந்தார்.

"அண்ணா, அவர் மேல கோச்சுக்காதீங்க. இது நல்லா கீதுன்னு சொன்னது நான். நடுவுல மாட்டச் சொன்னதும் நான் தான்."

வல்லரசு படத்தை இன்னொரு முறை பார்த்தார். "நல்லாத்தான் கீது மேடம். அதான் பேஜாரு. சுமாரா இருந்தா யாரு பாக்கப் போறான்?"

கிறிஸ்டினா நாலு காந்தத்தையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் படத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார். வல்லரசு அதைக் கிழிக்கவில்லை. சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த ஒரு மணி நேரம் டில்லிபாபு செய்ததை கிறிஸ்டினா மறக்கவே மாட்டார். யார் யார் போனில் அந்தப் படத்தை எடுத்தார்களோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் போனார். "நைனா, அத்த மட்டும் அழிச்சிடுப்பா" என்று கேட்டு, அழிக்கும்வரை பக்கத்தில் நின்றார். சிலர் கிண்டல் செய்தார்கள். ஒருவர், "எனக்குத்தான் புட்ச்சிகீதே" என்று மறுத்தார். அவரிடம் கால் மணி நேரம் நின்றார். கடைசியாகத் தன் போனை எடுத்து அதிலிருந்தும் அழித்தார். கிறிஸ்டினாவும் அழித்தார்.

ஷெட்டில் இருவர் மட்டும் மிஞ்சியபோது கிறிஸ்டினா சொன்னார்: "பத்து வருசமா பொட்டியத்தாண்ணா எடுக்கிறேன். பொட்டி ஏன் எடுத்தேன்னு கேக்காது. எனக்கு அப்படியே பழகிப்போச்சு. நீங்க இன்னா பாத்தீங்கன்னு உங்களக் கேட்டேன். படத்துல கீறவர கேக்கணும்னு தோணவே இல்ல."

"எனக்கும் தோணல மேடம். தோஸ்து தானே, அவன இன்னா கேக்கிறதுன்னு இருந்துட்டேன்." பிறகு சொன்னார்: "நான் நிக்கிறத ராஜாத்திக்குக் காட்டணும்னு புடிச்சேன். அவன் நிக்கிறத வூட்டுக்குத் தெரியாம மறச்சி வெச்சிகீறான். பதினஞ்சி வருசம் கூட நின்னுகினு கீறேன், எனக்கு அது தெரியல."

மூன்று வாரம் அவர் படமே எடுக்கவில்லை. வல்லரசிடம் இரண்டு முறை பேசப் போனார். முதல் முறை வல்லரசு கேபின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், இரண்டாம் முறை டீ வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு டில்லிபாபு மறுபடி ஆரம்பித்தார், வேறு மாதிரியாக. எடுத்ததும் போனை முதலில் அந்த ஆளிடம் காட்டுவார். அவர் சரி என்றால்தான் கிறிஸ்டினாவுக்கு வரும்.

படங்கள் குறைந்தன. வந்தவையும் முன்பு போல இல்லை என்பதுதான் உண்மை. எடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் ஆட்கள் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். தூங்குகிறவரை எழுப்பிக் கேட்டால் தூக்கம் எங்கே இருக்கும்? கிறிஸ்டினாவுக்கு உள்ளுக்குள் ஏமாற்றமாக இருந்தது. அழித்த படம் சில நாள் பொட்டிக்குள் இருட்டில் நிற்கும்போது கண்முன் வரும். அப்போதெல்லாம் கூடவே வல்லரசின் குரலும் கேட்கும்.

டிசம்பரில் ஒரு நாள், இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்த காலை. வரிசையிலிருந்து டில்லிபாபு ஒரு படம் அனுப்பினார். வல்லரசு. இஸ்திரி போட்ட நீலச் சட்டை, படிய வாரிய தலை. தன் டிரெய்லரின் பம்பர்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். அவராகவே வந்து, "எங்க பொண்ணுக்கு அனுப்பணும், ஒண்ணு புடிடா" என்று கேட்டாராம்.

கிறிஸ்டினா பெரிதாக்கிப் பார்த்தார். எதிர்வெயிலில் கண் சுருங்கியிருக்கிறது. தோள் ஒன்று தூக்கலாக இருக்கிறது. தலைக்கு நேர் பின்னால் விளக்குக் கம்பம், தலையிலிருந்து முளைத்தது போல. வண்டி நம்பர் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. போன் பண்ணினார்.

"அவர் பாத்துட்டாரா?"

"பாத்துட்டான் மேடம்."

"புடிச்சிருக்குதா?"

"ரொம்ப. திருப்பித் திருப்பிப் பாத்துகினே கீறான்."

கிறிஸ்டினா கொஞ்சம் யோசித்தார். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் அதுவும் டில்லிபாபுவை ஏமாற்றுவது போலத்தான் என்று பட்டது.

"கம்பீரமா நிக்கிறாருண்ணா. வண்டியும் அவரும் ஒரே ஜோடி மாதிரி கீது. ஒண்ணே ஒண்ணு. தலைக்குப் பின்னாடி கம்பம் வருது. ரெண்டு தப்படி இந்தாண்ட வந்து நிக்கச் சொல்லி இன்னொரு தபா எடுத்துப் பாருங்க."

ஐந்து நிமிஷத்தில் இரண்டாவது படம் வந்தது. இரண்டு தப்படி நகர்ந்ததில் வல்லரசு மழைத் தண்ணீர்க் குட்டைக்குள் காலை விட்டிருக்கிறார். பேண்ட் முட்டி வரை சேறு. ஒரு கையை ஓங்கி டில்லிபாபுவைத் திட்டிக்கொண்டே சிரிக்கிறார். கம்பம் இல்லை. சட்டை கசங்கியிருக்கிறது. கண் இரண்டும் நன்றாகத் திறந்திருக்கிறது.

கிறிஸ்டினாவுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டு, "அவர் எத அனுப்பப் போறாராம்?" என்று மட்டும் கேட்டார்.

டில்லிபாபு போனை வல்லரசிடமே கொடுத்துவிட்டார்.

"மேடம், நீங்கோ சொன்ன மாதிரி கம்பம் போயிட்ச்சி. ஆனா பேண்ட்டு கலீஜ் ஆயிட்ச்சி பாருங்க. நா மொதல்ல புட்ச்சதயே அனுப்பிச்சிட்டேன். கம்பம் இருந்தா இருக்கட்டும், மேடம்."

"செரிண்ணா. அதுல சட்டை நல்லா தெரியுது."

"ஆமா மேடம். பொண்ணு எட்த்துக் குட்த்த சட்ட."

வரிசை நகர ஆரம்பித்த சத்தம் போனில் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாக இன்ஜின்கள் உறுமின. வல்லரசு, "தோ, உட்டுட்டாங்கோ, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டார். யார்டு வாசலில் அன்றைய முதல் டிரெய்லர் வந்து ஹாரன் அடித்தது. கிறிஸ்டினா துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.